சபையில் பேசாதவள்

பொம்பளைங்க சபையில பேசக்கூடாதுன்னு நான் முக்கால் மணி நேரம் பேசியிருக்கேம்மா. கையில ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. நின்ன இடத்துல நின்னு பேசினேன். எங்க சேகரத்துல இன்னைக்கும் யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு, சுகிர்தம் டீச்சர் அன்னைக்குப் பேசின மாதிரி ஒரு ஆம்பளையும் பேசினதில்லன்னுதான் சொல்லுவாங்க.

கண்டக்டரை நான் ரெண்டு வார்த்தை கேட்டதைப் பாத்துட்டு, டீச்சரா இருந்தீங்களான்னு கேட்டியே, அதுக்குச் சொல்லுதேன். டீச்சர்தான். மிஷன் பள்ளிக்கூடத்துல ஹெட்மிஸ்ட்ரஸா இருந்து ரிட்டயர் ஆனவ. பேசுறது என் தொழில். ஆனா கோயிலுக்குள்ள பேசமாட்டேன். அது கொள்கை. ஏதாவது சொல்லணும்னா வெளிய வந்து வாசல்ல நின்னு சொல்லுவேன். உள்ள இருக்கிறவங்களுக்கும் கேக்கும், அது வேற.

நீ கிறிஸ்தவப் பிள்ளை இல்லைன்னு நெத்தியைப் பாத்தாலே தெரியுது. அதனால ஒண்ணு சொல்லிருதேன். எங்க பக்கம் சர்ச்சைக் கோயில்னு சொல்லுவோம், ஒரு பாதிரியார் பாத்துக்கிற சபைகளைச் சேத்துச் சேகரம்னு சொல்லுவோம், பாதிரியாரை ஐயர்னுதான் சொல்லுவோம். உங்க ஐயர் வேற, எங்க ஐயர் வேற. ஐயரோட வீட்டுக்காரி ஐயரம்மா. ஐயர் பிரசங்கம் பண்ணுவாங்க, திருவிருந்து கொடுப்பாங்க, கல்யாணம் நடத்துவாங்க, அடக்கம் பண்ணுவாங்க. ஐயரம்மா பெண்கள் ஐக்கிய சங்கத்துக்குத் தலைவியா இருப்பாங்க. அதுக்கு என்ன தகுதி வேணும்? ஐயரைக் கட்டியிருக்கணும், அவ்வளவுதான். நான் எத்தனையோ வருஷமா அந்தச் சங்கத்துல உபதலைவி. ஒரு ஐயரம்மாவுக்கு ஜெபத்தைத் தொடங்கத் தெரியாது, இன்னொருத்தங்களுக்கு முடிக்கத் தெரியாது. நான்தான் பக்கத்துல இருந்து எடுத்துக் கொடுப்பேன். அதுக்காக ஒருநாளும் நான் குறை சொன்னதில்ல. இப்பவும் சொல்லல.

அப்படி இருக்கும்போதுதான் போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மே மாசத்து மாறுதல்ல எங்க சேகரத்துக்குப் புது ஐயர் வாராங்கன்னு சொன்னாங்க. பேரு எப்சிபா.

பொம்பளை.

பேராயர், அதான் பிஷப், குருப்பட்டம் கொடுத்து, அங்கி மாட்டி அனுப்பிட்டாங்க. வந்து இறங்கின அன்னைக்கே ஊருக்குள்ள குழப்பம். என்னன்னு கூப்பிடுறது? ஐயர்னு சொன்னா சேலை கட்டியிருக்கு. ஐயரம்மான்னா அது ஐயரைக் கட்டினவளுக்குள்ள பேரு. அப்போ இந்தப் பொண்ணோட வீட்டுக்காரரை என்ன சொல்றது? அந்தத் தம்பி பேரு லிவிங்ஸ்டன், கரண்ட் ஆபீஸ்ல வேலை, தங்கமான பிள்ளை. விடிஞ்சா வாசலைப் பெருக்குறது, துணி காயப்போடுறது எல்லாம் அந்தத் தம்பிதான். சட்டப்படி பாத்தா எங்க பெண்கள் ஐக்கிய சங்கத்துக்கு அந்தத் தம்பிதான் தலைவி. விளையாட்டுக்குச் சொல்லலம்மா, கமிட்டியில இதை ஒரு பொழுது பூரா விவாதிச்சாங்க. கடைசியில, தலைவி இடம் காலியா இருக்கட்டும், உபதலைவியே நடத்தட்டும்னு விட்டுட்டாங்க.

அந்த வருஷம்தான் எங்க சங்கம் சங்கமா நடந்துச்சு. பாதிப் பேரு வராம இருந்த கூட்டத்துக்குக் கைப்பிள்ளையைத் தூக்கிக்கிட்டெல்லாம் வந்தாங்க. எல்லாம் என் பொறுப்பு. அந்தப் பொண்ணு கடைசி பெஞ்சுல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்கும். ஒருதடவைகூடக் குறுக்கே பேசாது. அதுதான் எனக்குப் பிடிக்கல. ஐயர்னா ஒரு அதிகாரம் வேண்டாமா?

பிரசங்கம் எப்படின்னு கேக்கியா? குறை சொல்லமாட்டேன். குறை சொல்ல முடியல, அதுதான் ஆபத்து. முன்னால இருந்த ஐயர் பிரசங்கத்துல அந்த வாரத்துப் பலசரக்கு முழுக்க நான் மனசுக்குள்ள எழுதி முடிச்சிருவேன். இந்தப் பொண்ணு பேசினப்போ உளுந்துகூட ஞாபகம் வரல. வீட்டுக்கு வந்து பாத்தா டப்பா காலி.

அப்போதான் சேகரச் செயலாளர் செல்லத்துரை அண்ணாச்சி நாலு பேரைக் கூட்டிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்தாங்க. காப்பி குடிச்சிட்டு, "டீச்சர், ஆம்பளைங்க நாங்க சொன்னா பொறாமைம்பாங்க. நீங்க சொன்னா வேதம்னு எடுத்துக்குவாங்க"ன்னாங்க. எனக்கு அதுல பெருமை ஒண்ணும் இல்ல. ஆனா நியாயம் இருக்குல்லா?

வேதத்துல இருக்கும்மா. பவுல் அப்போஸ்தலர் கொரிந்து சபைக்கு எழுதின நிருபத்துல தெளிவாச் சொல்லியிருக்காரு. பொம்பளைங்க சபையில வாயைத் திறக்கக்கூடாது, ஏதாவது தெரியணும்னா வீட்டுல புருஷன்கிட்ட கேட்டுக்கணும்னு. எங்க அத்தான்கிட்ட, வீட்டுக்காரங்களைத்தான் சொல்லுதேன், அவங்ககிட்ட கேட்டுத் தெரிஞ்சுக்கிற மாதிரி எனக்கு இதுவரைக்கும் ஒரு விஷயமும் வரல. ஆனாலும் வசனம் வசனம்தான்.

அதுக்கடுத்து கோயில் வாசல்ல கூடின சபைக் கூட்டத்துலதான் நான் அந்த முக்கால் மணி நேரமும் பேசினேன். ஏவாள்ல தொடங்கினேன். சாராளைச் சொன்னேன், மிரியாம் வாயாடினதுனால குஷ்டம் வந்ததைச் சொன்னேன். தெபொராள்னு ஒருத்தி ஜனங்களை நியாயம் விசாரிச்சிருக்காளேன்னு பின்னால இருந்து ஒரு சின்னப் பொண்ணு கேட்டா. உக்காரு, பொம்பளைப் பிள்ளை கூட்டத்துல எழுந்து கேள்வி கேக்கக்கூடாதுன்னு சொன்னேன். உக்காந்துட்டா. ஆம்பளைங்க எல்லாரும் கை தட்டினாங்க.

நீ ஏன் சிரிக்கே?

சரி. மறுநாள் அந்த எப்சிபா எங்க வீட்டுக்கு வந்துச்சு. கோபத்துல வந்திருக்கும்னு நினைச்சேன். அடுக்களைக்கே வந்து ஒரு முக்காலியைப் போட்டு உக்காந்து, நான் நறுக்கிக்கிட்டு இருந்த அவரைக்காயில பாதியை எடுத்து நறுக்க ஆரம்பிச்சிருச்சு. அப்புறம் மெதுவா, "டீச்சர், ரோமாபுரி சபைக்குப் பவுல் எழுதின நிருபத்தை யார் கையில கொடுத்துவிட்டாரு?"ன்னு கேட்டுச்சு. பெபேயாள்னு சொன்னேன். எனக்குத் தெரியாத வேதமா? "அவ்வளவு தூரம் கடல் கடந்து கொண்டுபோனவ, அங்க போய் என்ன செஞ்சிருப்பா? வாசல்ல போட்டுட்டுத் திரும்பியிருப்பாளா, இல்ல வாசிச்சு அர்த்தம் சொல்லியிருப்பாளா?"

கொண்டுபோறது வேற, பேசுறது வேறன்னு சொன்னேன். அதோட வாயை மூடிக்கிட்டுச்சு. அவரைக்காய் மட்டும் பொடிசா நறுக்கியிருந்துச்சு, அதைச் சொல்லணும்.

அதுக்கப்புறம், பொம்பளைங்க சபையில பேசக்கூடாது, இவங்களை மாத்துங்கன்னு பேராயருக்கு ஒரு மனு கொடுக்கணும்னு முடிவாச்சு. எழுதுறதுக்கு என்னை விட்டா யாரு? நான்தான் எழுதினேன். செல்லத்துரை அண்ணாச்சியும் கமிட்டிக்காரங்களும் நானும் வேன் பிடிச்சுப் பேராயர் ஆபீசுக்குப் போனோம். அங்க போனா அண்ணாச்சி கண்ணாடியை மறந்துட்டு வந்துட்டாங்க. மத்தவங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பாத்தாங்க. அதனால நானே எழுந்து நின்னு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் வாசிச்சேன். பேராயருக்கு ரெண்டு இடம் புரியல, விளக்கிச் சொன்னேன். கேட்டுட்டு அவங்க என்னையே பாத்தாங்க. பாத்துட்டு, யோசிக்கிறேன்னாங்க.

மனு போய்ச் சேந்து பதில் வராம இருந்த நேரம். எங்க மக பெனிட்டா தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தா. எட்டாம் மாசம். ஒருநாள் காலையில பல் தேய்ச்சுக்கிட்டு இருந்தவ திரும்பி, "அம்மா, நேத்துல இருந்து அசையல"ன்னா. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

பொம்பளைப் பிள்ளை. அழல.

இல்லம்மா, தண்ணி வேண்டாம். நீ வச்சுக்கோ.

எங்க ஊர்ல ஒரு முறை உண்டு. ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்குக் கோயில் மணி அடிக்கமாட்டாங்க, ஆராதனையும் கிடையாது. ரெண்டு ஆம்பளைங்க ஒரு பெட்டியில வச்சு எடுத்துக்கிட்டுப் போய்க் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் அடக்கிட்டு வந்திருவாங்க. பொம்பளைங்க கல்லறைக்கே போறதில்ல, பெத்தவளா இருந்தாலும். எங்க அம்மா அடக்கத்துக்கும் நான் வாசப்படி வரைக்கும்தான். அது வேதத்துல இருக்கான்னு கேக்காத. முறை.

மறுநாள் பெனிட்டா ஆஸ்பத்திரியில எழுதிக் கொடுத்துட்டுப் பிள்ளையோட வீட்டுக்கு வந்துட்டா. அத்தானும் மருமகனும் பெட்டிக்கு ஏற்பாடு பண்ணிக்கிட்டு இருந்தாங்க. "எங்க வைக்கப் போறீங்க?"ன்னு அவ கேட்டா. திரும்பவும் கேட்டா. நீ படுத்துக்கோன்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?

அப்போ எப்சிபா வந்துச்சு. யாரும் சொல்லிவிடல. அவங்களை ஊரை விட்டு அனுப்பச் சொல்லி எழுதிக் கொடுத்தவ நான், நான் எப்படிச் சொல்லிவிடுவேன்? நேரா கட்டில் பக்கத்துல வந்து தரையில உக்காந்தாங்க. பிள்ளையைச் சுத்தியிருந்த துண்டை விலக்கி முகத்தைப் பாத்தாங்க. அதுவரைக்கும் நாங்க யாரும் முழுசாப் பாக்கல, கேட்டியா. பாத்துட்டு, "பிள்ளைக்கு என்ன பேரு?"ன்னு கேட்டாங்க.

பேரு வைக்கலன்னு சொல்ல நான் வாயெடுத்தேன். அதுக்குள்ள பெனிட்டா, "லிடியா"ன்னா. நான் பெத்தவ, எனக்கே தெரியாது, அவ ஒரு பேரை நினைச்சு வச்சிருந்தான்னு.

"லிடியாவை அவ அம்மாவே கொண்டு வரட்டும்"னு ஐயர் சொன்னாங்க.

முற்றத்துல நின்ன செல்லத்துரை அண்ணாச்சி, ஐயரே, நம்ம ஊர்ல பொம்பளைங்க கல்லறைக்கு வர்ற முறை இல்லையேன்னாங்க. எப்சிபா என் பக்கம் திரும்பி, "டீச்சர், முதல் ஈஸ்டர் அன்னைக்கு விடியக்காலையில கல்லறைக்குப் போனது யாரு?"ன்னு கேட்டாங்க. சண்டே ஸ்கூல் பிள்ளைக்கும் தெரியும். இயேசுவோட கல்லறைக்குப் பொம்பளைங்கதான் போனாங்க, சீஷர்கள் கதவைப் பூட்டிக்கிட்டு உள்ள இருந்தாங்க. நான் வாயைத் திறக்கல. திறக்கக்கூடாதுங்கிறதுதானே என் கொள்கை. அண்ணாச்சியும் நான் சொல்லுவேன்னு பாத்துக்கிட்டே நின்னாங்க. நான் பெனிட்டாவுக்குச் செருப்பை எடுத்துப் போட்டேன்.

லிவிங்ஸ்டன் தம்பி போய்க் கோயில் மணியை அடிச்சுச்சு. மணிச் சத்தம் கேட்டதும் தெருவுல ஒவ்வொரு வீடாக் கதவு திறந்துச்சு. பொம்பளைங்க அப்படியே வந்தாங்க, அடுப்புல வச்சதை இறக்கிட்டு, ஈரக் கையோட. யாரும் கூப்பிடல. பெனிட்டாவை ஒரு ஆட்டோவுல ஏத்தி, மடியில பிள்ளையை வச்சு, நான் பக்கத்துல உக்காந்துக்கிட்டேன். மத்தவங்க பின்னால நடந்து வந்தாங்க.

அங்க போய் எல்லாம் முறைப்படி வாசிச்சாங்க. பெரியவங்களுக்கு என்ன வாசிப்பாங்களோ அத்தனையும், பேரைச் சொல்லி. வாசிச்சுட்டு, "டீச்சர், நீங்க ஜெபம் பண்ணுங்க"ன்னாங்க. பண்ணினேன். ஜெபம்னா பேச்சு இல்லம்மா. கண்ணை மூடிக்கிட்டுச் சொல்றது எப்படிப் பேச்சாகும்? என்ன சொன்னேன்னு எனக்கு நினைவில்ல. பெனிட்டாதான் அப்புறமாச் சொன்னா, "ரெண்டு பிள்ளைக்கும் சேத்து ஜெபம் பண்ணினீங்கம்மா"ன்னு.

எனக்கும் முதல் பிள்ளை அப்படித்தான். பையன். காலையில பெத்தேன், மத்தியானம் அத்தானும் மாமாவும் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. எங்க வச்சாங்கன்னு நானும் கேக்கல, அவங்களும் சொல்லல. அதுக்கப்புறம் பெனிட்டா பிறந்தா, வேலை, பள்ளிக்கூடம். நல்லாத்தானே வாழ்ந்தோம்.

அன்னைக்கு ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தா, அத்தான் என் கையைப் பிடிச்சிருந்தாங்க. ஊர் பாக்க அவங்க என் கையைப் பிடிச்சதே இல்ல. அப்படியே கூட்டிக்கிட்டுப் போய், வேலியோரம் ஒரு மஞ்சணத்தி மரத்தடியில நிறுத்தி, "சுகிர்தம், நம்ம பையன் இங்கனதான்"னாங்க. பிசகாம வந்து நின்னாங்கம்மா. வழக்கமா வந்துக்கிட்டு இருந்திருப்பாங்க போல.

சரி, அதை விடு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. கொள்கைன்னா கொள்கை. மனுவைத் திரும்ப வாங்கணும்னு எனக்குத் தோணவே இல்ல. தோணினதா ஊர்ல சில பேரு சொல்லுதாங்க. பேராயர் ஆபீசுக்கு நான் போன் பண்ணினது வாஸ்தவம். அது, மனு எந்த நிலையில இருக்குன்னு விசாரிக்கத்தான். உத்தரவு டைப் ஆயிருச்சு, இனி மாத்த முடியாதும்மான்னு சொன்னாங்க. சரின்னு வச்சுட்டேன். அன்னைக்குச் சாப்பாடு இறங்கல, வெயில் காலம்.

நாங்க ஜெயிச்சுட்டோம். கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன சேகரத்துக்கு மாத்திட்டாங்க. போறதுக்கு முந்தி எப்சிபாவும் அந்தத் தம்பியும் சொல்லிட்டுப் போக வந்தாங்க. நான் சாப்பிட்டுத்தான் போகணும்னு கோழி அடிச்சேன். விருந்தாளியை வெறும் வயித்தோட அனுப்ப முடியுமா? கை கழுவிட்டு வந்து, "டீச்சர், பேராயர் எனக்கு அந்த மனுவைக் காட்டினாங்க. தமிழ் ரொம்ப நல்லா இருந்துச்சு. ஒரு சந்திப்பிழைகூட இல்ல"ன்னாங்க. உண்மையிலேயே இல்லம்மா. அதைக் கவனிச்சு ஒருத்தரும் அதுவரைக்கும் சொல்லல.

இப்போ இருக்கிற ஐயர் ஆம்பளை. கணீர்னு குரல். வேதத்துல பிடிப்பு. வந்த முதல் கூட்டத்துல, ஆராதனை நேரத்தைப் பத்தி ஒரு யோசனை சொல்ல நான் எழுந்தேன். "டீச்சர், நீங்க பேராயருக்குக் கொடுத்த மனுவை வாசிச்சேன். அருமையான மனு. இனி நம்ம சபையில அதன்படியே நடப்போம். சொல்ல வேண்டியதை வீட்டுக்காரர் மூலமாச் சொல்லுங்க"ன்னுட்டாங்க. என் வாக்கியம்லா அது. அடுத்த கூட்டத்துக்கு அத்தானுக்கு எல்லாத்தையும் பாடம் பண்ணி அனுப்பினேன். அவங்க எழுந்து, எங்க வீட்ல சில விஷயம் சொல்லச் சொன்னாங்கன்னு சொல்லிட்டு உக்காந்துட்டாங்க. அவ்வளவுதான். வருஷம் பூரா எங்க வீட்ல இருந்து சில விஷயம் சொல்லப்பட்டிருக்கு.

சங்கத்துக்கும் ஐயரம்மா வந்துட்டாங்க. போன அசனப் பண்டிகைக்கு, ஊரே கோயில்ல சேந்து சாப்பிடுற விருந்துக்கு, என்னைக் கத்திரிக்காய் நறுக்க வச்சாங்க. நறுக்கினேன். எனக்கு வருத்தம் இல்ல. ஆனா இதுக்கெல்லாம் யாரு காரணம்? எப்சிபாதான். அவங்க வராம இருந்திருந்தா நான் மனு எழுதியிருக்கவே மாட்டேன்லா? மனு இல்லைன்னா இந்த ஐயருக்கு வசனமே ஞாபகம் வந்திருக்காது.

இப்போ எங்க போறேன்னு கேட்டியே. அங்கதான், அந்தக் கடற்கரை சேகரத்துக்கு. அங்கயும் கமிட்டிக்காரங்க எப்சிபா மேல புகார் கொடுத்திருக்காங்க. பொம்பளைங்களைக் கல்லறைக்குக் கூட்டிக்கிட்டுப் போறாங்கன்னு. இன்னைக்கு ஆராதனை முடிஞ்சதும் கோயிலுக்குள்ள விசாரணை. நல்லாப் பேசுவேன்னு கேள்விப்பட்டு என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டாங்க. உங்க ஊர்லயும் அப்படிச் செஞ்சாங்களாமே, அதை மட்டும் வந்து சொல்லுங்க போதும்னாங்க. கோயிலுக்குள்ளயான்னு நீ கேப்ப. சாட்சி சொல்றது பேச்சு இல்லம்மா. ஊர்ல இருக்கிற ஐயர்கிட்ட நான் கேட்டுக்கல. அத்தான்கிட்ட சொன்னேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து இடம் பிடிச்சுக் கொடுத்துட்டு, வண்டி கிளம்பும்போது ஜன்னல்கிட்ட வந்து, "நடந்ததை நடந்தபடி சொல்லு, சுகிர்தம்"னாங்க. அவங்க எனக்கு யோசனை சொன்னது இதுதான் முதல் தடவை.

நடந்தபடிதான் சொல்லுவேன். எங்க ஐயர் பொம்பளைங்களைக் கல்லறைக்குக் கூட்டிக்கிட்டுப் போனாங்களான்னு கேப்பாங்க. ஆமாம்பேன். எந்த ஐயரா? எப்சிபா ஐயரைத்தான் சொல்லுதேன், வேற யாரு. யார் யார் போனீங்கன்னு கேப்பாங்க. நான் போனேன், என் மக போனா, எங்க தெருப் பொம்பளைங்க அத்தனை பேரும் போனாங்கம்பேன். யாரை அடக்கம் பண்ணப் போனீங்கன்னு கேப்பாங்க. லிடியாவைன்னு சொல்லுவேன். அதோட நிறுத்த முடியாதுல்லா? மஞ்சணத்தி மரத்தடியில இருக்கிறவனையும் சொல்லணும். முக்கால் மணி நேரம் ஆனாலும் சரி, அவனைச் சொல்லாம நான் உக்காரமாட்டேன்.

அவ்வளவு பேரு முன்னால, ஒரு பையன்னு சொல்லிட்டு விட முடியாதும்மா. அவனுக்கு ஒரு பேரு வேணும். பஸ் ஏறினதுல இருந்து அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வாரேன்.